திடீரென ஒரு காது கேட்கவில்லையா? காப்பீட்டு அட்டைக்காகக் காத்திருக்காதீர்கள்

ஒரு காது திடீரென அடைத்துக்கொண்டால் அழுக்கு, சளி என்று சொட்டு மருந்து விட்டே பலர் நாளைக் கடத்திவிடுகிறார்கள். மூன்று நாளுக்குள் கேட்கும் திறன் 30 டெசிபலோ அதற்கு மேலோ குறைந்து, கோளாறு உள்காதிலோ நரம்பிலோ இருந்தால், ஸ்டீராய்டு மருந்தை (பெரும்பாலும் மாத்திரை) முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். மாத்திரையில் சரியாகாதவர்களுக்குக் காதுக்குள் ஊசி போடுவது 2 முதல் 6 வாரத்துக்குள். அதற்குப் பிறகு பலன் வெகுவாகக் குறைந்துவிடும்.

வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். சத்தம் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கோ சளியோதான். நல்ல காதின் பக்கம் ஒதுங்கினால் கோளாறு உள்காதிலோ நரம்பிலோ இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சென்னையில் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய மூன்றிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. புறநோயாளி சிகிச்சை இலவசம். வருமானச் சான்று தேவையில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரத்தான் அந்தச் சான்று வேண்டும் (2022 முதல் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய்). அத்திட்டம் முக்கியமாக உள்நோயாளி சிகிச்சைகளுக்கானது. காது ஊசியோ போட்டுக்கொண்டு அன்றே வீடு திரும்பும் சிகிச்சை. அட்டைக்கு அலைந்து அந்த இரண்டு வாரத்தை இழக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால் கட்டணம் கேட்கலாம். அட்டை இருந்தால் அங்கே காட்டுங்கள்.

ஓ.பி.யில் 'காது அடைச்சிருக்கு' என்று மட்டும் சொன்னால் சாதாரண வரிசையில் போய்விடுவீர்கள். 'திடீர்னு கேட்கல, இன்ன தேதியிலிருந்து' என்று சொல்லி, அந்தத் தேதியைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆடியோகிராமுக்கு (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) அடுத்த வாரம் வரச் சொன்னால், அவசரம் என்று மருத்துவரிடமே குறிப்பு எழுதி வாங்குங்கள்.

ஊசி போடும்போது படுக்கவைத்து, செவிப்பறையை மரக்கச் செய்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி மெல்லிய ஊசியால் டெக்ஸாமெத்தசோன் அல்லது மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டை அரை மில்லி அளவில் நடுக்காதுக்குள் செலுத்துவார்கள். மருந்து உடல் சூட்டில் இல்லாவிட்டால் தலை சுற்றும். பிறகு அந்தக் காது மேலே இருக்கும்படி 15 முதல் 30 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எச்சில் விழுங்கினாலோ பேசினாலோ நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் திறந்து மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும். உள்காதுக்குப் போய்ச் சேராது. பொதுவாக இரண்டு வாரத்தில் நான்கு ஊசி வரை போடுவார்கள். ஊசியால் செவிப்பறையில் விழுந்த ஓட்டை ஆறும்வரை காதில் தண்ணீர் படக் கூடாது. சில சமயம் ஓட்டை ஆறாமலே நின்றுவிடும். சீழ் வடிந்தால் உடனே காட்டுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையைக் கடுமையாக ஏற்றும். காது ஊசியில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. அதனால் சிலருக்கு ஆரம்பத்திலேயே ஊசியைத் தேர்வு செய்கிறார்கள்.

ஒரு காது மட்டும் போனால் மாற்றுத்திறனாளி சலுகைகளும் கிடைக்காது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் உள்ள இழப்பைத்தான் கணக்கில் எடுக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும்.