பழைய தேவாலயத்தைக் கலையரங்கமாக்குவோரே, சிமெண்ட்டைத் தள்ளி வையுங்கள்

கலையரங்கமாக மாற்றப்பட்டுச் சில ஆண்டுகளே ஆன ஒரு பழைய நகரத் தேவாலயத்தைப் பார்வையிட அண்மையில் அழைத்திருந்தார்கள். பளிச்சென்று வண்ணம் பூசிய சுவரில், தரையிலிருந்து இடுப்பளவுக்குப் பூச்சு பொரிந்திருந்தது. விரலால் தட்டியதும் சிமெண்ட் பூச்சு ஓடாகக் கழன்று வந்தது. அதன் முதுகில் உப்பு பூத்திருந்தது. உள்ளே இருந்த செங்கல் மாவாக உதிர்ந்தது. மரபுக் கட்டிடப் பாதுகாப்புப் பணியில் இதே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க நேர்வது மிகுந்த வேதனை தருகிறது.

"பழைய சுவர்தானே, சிமெண்ட் பூசினால் இன்னும் உறுதிப்படும்" என்கிறார்கள். உறுதிப்படாது. இன்று வழக்கமாகப் பயன்படும் போர்ட்லண்ட் சிமெண்ட் வகைக்குக் காப்புரிமை பெறப்பட்டதே 1824இல்தான். அதற்கு முந்தைய தேவாலயங்கள் சுண்ணாம்புக் காரையால் எழுந்தவை. அச்சுவர்கள் நிலத்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் உலர்த்தும்; அவற்றின் ஆயுளே அதில்தான் இருக்கிறது. சிமெண்ட்டும் பிளாஸ்டிக் வண்ணமும் அந்த வழியை அடைத்துவிட, ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், மேலேறி, உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லை உடைக்கிறது. சிமெண்ட் கெட்டியானது என்பது உண்மையே. ஆனால் மெத்தென்ற செங்கல்லின்மேல் கெட்டியான பூச்சு ஏறினால், கெடுவது பூச்சன்று, செங்கல்தான். பூச்சு விழுந்த இடத்தில் மறுபடியும் சிமெண்ட்டையே பூசும் ஒப்பந்தக்காரரைத் தயவுசெய்து வேலையை விட்டு நிறுத்துங்கள்.

அரங்கமான பிறகு இந்தச் சிக்கல் பெருகுகிறது. 500 பேர் அமர்ந்த நிகழ்ச்சியில், மூச்சாலும் வியர்வையாலும் மட்டும் மணிக்கு 20 லிட்டர் அளவுக்கு நீர் ஆவியாகக் காற்றில் சேரும். ஒலிக்காகவும் குளிரூட்டலுக்காகவும் சன்னல்களை அடைத்துவிட்டு, அந்த ஈரம் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூட்டிக் கிடக்கும் கட்டிடம் விரைவில் அழியும்; சமூகத்துக்குப் பயன்படும் வேலைக்கு எடுத்துக்கொள்வது பாதுகாப்புக்கு உதவும் என்றுதான் மரபுக் கட்டிடப் பாதுகாப்புக்கான பன்னாட்டு நெறிமுறையான, 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் கூறுகிறது, அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு. லண்டனின் புனித லூக்கா தேவாலயம் அடிநிலம் அமிழ்ந்ததால் 1959இல் மூடப்பட்டு, கூரையிழந்து பல பத்தாண்டுகள் கிடந்தது. உள்ளே எஃகுத் தூண்கள் நிறுத்திப் புதிய கூரையைத் தாங்கச் செய்து, 2003இல் இசையரங்கமாகத் திறந்தார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரிலுள்ள டொமினிக்கன் தேவாலயத்தில் 2006இல் புத்தகக்கடை வந்தபோது, அடுக்குமாடிப் புத்தக அலமாரியைத் தனித்து நிற்கும் எஃகுக் கட்டமைப்பாக எழுப்பினார்கள். நாளை கழற்றி எடுத்தாலும் பழைய கட்டிடம் பழையபடி இருக்க வேண்டும்; எங்கள் துறையில் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஆகவே, வண்ணம் தேர்வதற்கு முன் பழைய காரையின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புங்கள். பூச வேண்டுமென்றால் சுண்ணாம்பு பூசுங்கள். விளக்குச் சட்டங்களை வளைகூரையில் துளையிட்டுத் தொங்கவிடாதீர்கள், தரையில் நிறுத்துங்கள். கூரைமரங்களுக்கு அருகில் பற்றவைப்பு வேலையை அனுமதிக்காதீர்கள். பாடகர் மாடத்தில் கூட்டம் ஏற்றுமுன் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். உட்புறமாகத் திறக்கும் பழைய கதவுகளை நிகழ்ச்சி முடியும்வரை திறந்தே நிறுத்தி வையுங்கள். எத்தனை பேர் விரைந்து வெளியேற முடியும் என்று தீயணைப்புத் துறை சொல்கிறதோ, அதற்கு மேல் ஒரு நுழைவுச்சீட்டையும் விற்காதீர்கள்.