மருத்துவச்சி

பொது சுகாதார ஆவணங்களில் 'தாய் பயிற்சி' என்றொரு தொடர் வரும். கர்ப்பிணிகளுக்கான வகுப்போ என்று தோன்றும். இல்லை, இது இந்தி 'தாயி'. மூலம் பாரசீகம், பாலூட்டி வளர்ப்பவள் என்று பொருள். வீட்டில் வைத்துப் பிரசவம் பார்க்கும் பெண்ணை வடக்கே இப்படித்தான் அழைக்கிறார்கள். நம் 'தாய்'க்கும் இதற்கும் உறவில்லை. சென்னை ஆஸ்பத்திரிகளில் கூப்பிடும் 'ஆயா'வும் வேறு. அது போர்ச்சுகீசியர் வழியாக வந்தது.

தமிழில் இவர் மருத்துவச்சி. வேடுவனுக்கு வேடுவச்சி போல மருத்துவனுக்கு மருத்துவச்சி. ஊர்ப்புறத்தில் 'மருத்துவம் பார்த்தது யாரு?' என்று கேட்டால், பிரசவம் பார்த்தவரைத்தான் கேட்கிறார்கள். பல ஊர்களில் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்களே இதைச் செய்தார்கள். நள்ளிரவில் ஓடி வந்தவருக்குக் கொஞ்சம் நெல் கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. அந்த இளக்காரம் சொல்லின் மேலும் படிந்ததால்தான் 'பாரம்பரியப் பிறப்பு உதவியாளர்' என்று சுற்றி வளைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அது ஏற்பில்லை. தனியாளாகப் பேறு பார்த்தவரை உதவியாளர் என்பது அவர் கைத்திறனைக் குறைத்துச் சொல்வதுதான்.

சரி, அவருக்கு என்ன பயிற்சி? கை, பிரசவம் நடக்கும் இடம், பிளேடு, தொப்புள்கொடி கட்டும் நூல், அறுத்த கொடி: இந்த ஐந்தும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை. நகத்தை ஒட்ட வெட்டி, வளையலைக் கழற்றி, முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். தொப்புளில் சாம்பலோ சாணமோ வைக்கக் கூடாது. பச்சிளங்குழந்தைகளுக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) அந்த வழியாகவும் வந்தது. பிறந்த குழந்தையை உடனே குளிப்பாட்டாமல் துடைத்து, அம்மாவின் மார்போடு அணைத்துப் போர்த்த வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அப்புறம், எல்லாவற்றையும்விட முக்கியமானது: ரத்தப்போக்கு நிற்கவில்லை, வலிப்பு வந்துவிட்டது என்றால் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். ரத்தம் ஏற்றவும் அறுவை செய்யவும் பக்கத்தில் வசதி இல்லாத ஊரில் இந்தப் பயிற்சி மட்டும் தாயைக் காப்பாற்றிவிடாது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் முழுப் பயிற்சி பெற்ற பேறுகாலப் பணியாளர்கள் பக்கம் திரும்பியதற்கு அதுவே காரணம்.

சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இலேயே தொடங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனாலும் பிற மாநிலங்களைப் பற்றி எழுதும்போது சொல் தேவைப்படுகிறது. அங்கே 'தாயி' வந்தால் மருத்துவச்சி என்றும், வகுப்புக்குப் போய் வந்தவரைப் பயிற்சி பெற்ற மருத்துவச்சி என்றும் எழுதலாம். செவிலியம் படித்துப் பேறு பார்ப்பவருக்குப் பேறுகாலச் செவிலியர் பொருந்தும்.