மகப்பேற்றுச் செவிலியம் படிக்க விரும்பும் டர்பன் பிள்ளைகளுக்கு: சேருமுன் அறிய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்த ஒருவர் மகப்பேற்றுச் செவிலியராக இரண்டு வழிகள் உண்டு. பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் பட்டம் பெற்றால், நாட்டின் செவிலியர்களைப் பதிவு செய்யும் செவிலியர் மன்றத்தில் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் என்ற இரு பதிவுகளும் சேர்ந்தே கிடைக்கும். மூன்றாண்டு டிப்ளோமா பொதுச் செவிலியராக மட்டுமே ஆக்கும். பிரசவ அறையில் பணிபுரிய, அதன்மேல் ஓராண்டு மகப்பேற்று உயர் டிப்ளோமா படித்தாக வேண்டும்.

டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளில் பல குடும்பங்கள் ஏமாந்தது இந்த இடத்தில்தான். அத்தையோ பெரியம்மாவோ படித்த பழைய நான்காண்டுக் கல்லூரி டிப்ளோமாவில் மகப்பேறும் அடங்கியிருந்தது. அதற்கான சேர்க்கை 2019ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது என்பதை எந்த அலுவலகமும் வீடு தேடி வந்து சொல்வதில்லை. ஆகவே சேரும் முன், "முடித்ததும் செவிலியர் மன்றத்தில் எந்தப் பெயரில் பதிவாகும்?" என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அக்கல்லூரியும் அந்தப் படிப்பும் மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளனவா என்று நீங்களே பாருங்கள். அங்கீகாரமில்லாத இடத்தில் கட்டிய பணமும் திரும்பாது, கழிந்த ஆண்டுகளும் திரும்பா.

அடுத்தது பணம். என்.எஸ்.எப்.ஏ.எஸ். என்னும் அரசின் தேசிய மாணவர் நிதியுதவித் திட்டத்தின் உதவி, குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மிகாதவர்களுக்கு உரியது. மாற்றுத்திறனாளி மாணவருக்கு வரம்பு 6,00,000 ராண்டு. தந்தையின் சம்பளத்தை மட்டும் கணக்கிட்டு விண்ணப்பித்து, தாயின் வருமானம் சேர்ந்ததும் மறுக்கப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். இந்த உதவி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும் உரியதே. தனியார் செவிலியக் கல்லூரிக்குக் கிடைக்காது. முதல் இளநிலைத் தகுதிக்கே அது தரப்படுவதால், வேறொரு பட்டத்தை முடித்துவிட்டுச் செவிலியத்துக்கு வருபவர்கள் அதை நம்பி இறங்க வேண்டாம். பாட்டி வளர்க்கும் பிள்ளைகளுக்கெனத் தனி உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்காவிட்டால், எங்கிருக்கிறார் என்றே தெரியாத தந்தையின் அடையாள அட்டையைக் கேட்டுக் கோப்பை நிறுத்திவிடுவார்கள்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பல்கலைக்கழக இடத்துக்கு சி.ஏ.ஓ. என்னும் பொது விண்ணப்ப அலுவலகத்தின் வழியாக விண்ணப்பிக்கிறோம். அந்த விண்ணப்பம் உதவித்தொகைக்கு விண்ணப்பித்ததாகாது. இரண்டும் வெவ்வேறு, கெடு நாள்களும் வெவ்வேறு. மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வில் பட்டப்படிப்புக்கான தேர்ச்சி வேண்டும். டிப்ளோமாத் தேர்ச்சி மட்டும் இருந்தால் நான்காண்டுப் பட்டத்தின் கதவு திறக்காது.

இடமும் உதவியும் கிடைத்த பிறகுதான் பெரிய அலைச்சல் தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தில் கேட்டால் என்.எஸ்.எப்.ஏ.எஸ். பணம் அனுப்பவில்லை என்பார்கள், என்.எஸ்.எப்.ஏ.எஸ்.-இல் கேட்டால் பல்கலைக்கழகம் பதிவு விவரங்களை அனுப்பவில்லை என்பார்கள். இடையில் விடுதி வாடகைக்கு மாணவி கடன்படுகிறாள். இது அவள் தவறன்று. பதிவு முடிந்த அன்றே உறுதிச்சான்றை வாங்குங்கள். நிதி உதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். வாய்மொழிப் பதிலோடு திரும்பாமல் குறிப்பு எண் கேளுங்கள். மறுப்பு வந்தால் மேல்முறையீட்டுக் கெடுவுக்குள் ஆவணங்களோடு எழுதுங்கள். தொலைபேசியில் முறையிட்டதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பட்டம் பெற்ற பின் ஓராண்டு சமூகச் சேவை கட்டாயம். நியமனம் தாமதமாவது உண்டு என்பதால், சம்பளமில்லாமல் சில மாதங்கள் கழியக்கூடும் என்று முன்பே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அதை முடித்தவர்களுக்கு அரசு மருத்துவமனைப் பிரசவப் பிரிவுகளிலும் மகப்பேற்று நிலையங்களிலும் வேலை உண்டு. முதுநிலை டிப்ளோமா படித்துச் சிறப்பு மகப்பேற்றுச் செவிலியராகவோ ஆசிரியராகவோ உயரலாம். தனித்து இயங்கவும் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் மன்றத்தின் ஆண்டுக் கட்டணத்தை டிசம்பர் 31-க்குள் கட்டத் தவறினால் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும், பணியில் நிற்கவும் முடியாது. வேலை தரும் மருத்துவமனை கட்டிவிடும் என்று இராமல் நீங்களே கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.