ரெஃப்யூஜி: தமிழில் என்ன சொல்லலாம்?

'ரெஃப்யூஜி' என்ற சொல் ஆங்கிலத்தில் பரவலானது ஹியூகனாட்டுகளால். பிரான்சிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் இவர்கள். பிரெஞ்சில் 'ரெஃப்யூஜ்' என்றால் ஆபத்துக்கு ஒதுங்கும் இடம். அங்கே ஒதுங்கியவர் 'ரெஃப்யூஜியே'. தப்பி ஓடுவதைக் குறிக்கும் லத்தீன் வினை இதன் வேர். ஆனாலும் ஓட்டத்தைவிட, போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் இந்தச் சொல் அழுத்திச் சொல்கிறது.

பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றி 1598இல் நான்ட் அரசாணை வழியாக இவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்தார். பேரன் பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் அதை ரத்து செய்தார். அதற்கு முன்பே இவர்கள் வீடுகளில் படைவீரர்களைக் குடியேற்றி, கத்தோலிக்கராக மாறும்வரை தொல்லை கொடுத்தாயிற்று. போதகர்கள் 15 நாளில் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும். மற்றவர்கள் போகவே கூடாது. பிடிபட்ட ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. அப்படியும் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் பேர்வரை தப்பினார்கள். பாதிரி முதல் நெசவாளி வரை பலர் ஹாலந்து, ஜெர்மனியின் பிரான்டன்பர்க், தென்னாப்பிரிக்கா என்று சிதறினார்கள்.

சுமார் 50,000 பேர் இங்கிலாந்து சேர்ந்தார்கள். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பட்டு நெய்தார்கள். அங்கே சில பழைய வீடுகளின் உச்சி மாடியில் அகலமான ஜன்னல்களைப் பார்க்கலாம், தறிக்கு வெளிச்சம் வேண்டுமே! பிரிக் லேன் முனையில் 1743இல் அவர்கள் கட்டிய ஆலயம் பின்னால் யூதர்களின் தொழுகைக்கூடமாகி, இப்போது மசூதியாக இருக்கிறது. அதன் சுவரில் உள்ள சூரியக் கடிகாரத்தில் 'நாம் நிழல்கள்' என்ற லத்தீன் வரி இன்னும் இருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். நாம் சொல்லும் 'அகதி' வடமொழிச் சொல்: அ + கதி, கதியற்றவர். ஈழத் தமிழர் எழுத்தில் 'ஏதிலி' அதிகம். 'ஏதிலார் குற்றம்போல்' என்று குறள் சொல்லும் ஏதிலார், அயலார்தான். ஒன்று இல்லாமையைச் சொல்கிறது, மற்றது அந்நியத்தை நினைவூட்டுகிறது. ஒதுங்க இடம் கிடைத்தது என்ற செய்தி இரண்டிலும் இல்லை.

அதற்கு நம்மிடம் 'புகல்' இருக்கிறது. தேவர்கள் அடைக்கலம் புகுந்ததால் சீர்காழிக்குப் 'புகலி' என்றே பெயர். வழியில் தவிக்கிறவரை அகதி என்றே சொல்லலாம், அந்தத் தவிப்பு அதில் தெரிகிறது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் தறி போட்டு உட்கார்ந்தவரை நான் 'புகலடைந்தவர்' என்றுதான் எழுதுவேன்.