பீட்சா கடை பொம்மையப் பாத்து குழந்தை அலறினா வீடியோ எடுக்காதீங்க

சில வருஷம் முன்னாடி ஒரு அம்மா செஷனுக்கு வந்து உக்காந்ததும் முதல்ல போன எடுத்து ஒரு வீடியோ காட்டினாங்க. பர்த்டே பார்ட்டி, பீட்சா கடை, ஸ்டேஜ்ல ஆளுயரத்துக்கு பொம்மைங்க நின்னு பாட்டுக்கு வாய அசைச்சு கைய ஆட்டிக்கிட்டு இருக்கு, அவங்க வீட்டுக்காரர் மூணரை வயசு பையன தூக்கிட்டு ஸ்டேஜ் ஓரமா போயி "டேய் ஒண்ணும் பண்ணாதுடா, தொட்டுப் பாரு, ஹாய் சொல்லு"ன்றார், பையன் முதுக வில்லு மாதிரி வளைச்சு அப்பா காலர ரெண்டு கையாலயும் பிடிச்சு தொங்குறான். சுத்தி எல்லாரும் சிரிக்கிறாங்க. ஃபேமிலி வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டு ஊர்ல தாத்தா பாட்டி வரைக்கும் பாத்து சிரிச்ச வீடியோ அது.

அதுக்கப்புறம் ரெண்டு மாசமா அவன் தனியா தூங்கல. அதுகூட பரவால்ல, இன்னொரு விஷயம்தான் அந்த அம்மாவுக்கு புரியவே இல்ல. அக்காவோட ஸ்கூல் பஸ் வாசல்ல வந்து நின்னா காதப் பொத்திக்கிட்டு வீட்டுக்குள்ள ஓடுறான். "பஸ்ஸுக்கும் பொம்மைக்கும் என்ன சம்பந்தம் அக்கா, முன்னாடி பஸ்ஸுன்னா உயிரு இவனுக்கு"ன்னாங்க.

நான் அமெரிக்காவுல, கலிபோர்னியாவோட சான் ஹோசே பக்கம் குழந்தைங்களுக்கு ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைங்கள பழக வைக்கிற சிகிச்சை, பண்றவ. அந்த வீடியோவ சவுண்ட கூட்டி வச்சு ரெண்டாவது தடவ பாத்தேன். பாட்டுக்கு நடுவுல ஒவ்வொரு தடவ கை இறங்குறப்பவும் "புஸ்ஸ்", வாய் மூடுறப்ப ஒரு "டக்". பஸ் பிரேக் போட்டு கதவு திறக்குறப்ப வர்ற அதே காத்து சத்தம். பையன் குழம்பல, ரொம்ப சரியா காது குடுத்து கேட்டிருக்கான்.

இந்த பொம்மைங்க எப்படி ஆடுதுன்னு பெத்தவங்க தெரிஞ்சுக்கணும்னு நான் சொல்றது இதுக்காகத்தான். உள்ள பெரும்பாலும் மோட்டார் கிடையாது, காத்துதான். பின்னாடி ரூம்ல ஒரு கம்ப்ரெஸர் ஓடும், அதுலேந்து டியூப் டியூபா ஸ்டேஜுக்கு அடியில வரும், ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வால்வு, ஒரு சிலிண்டர். வால்வு திறந்தா காத்து சிலிண்டருக்குள்ள போயி கை தூக்கும், காத்த வெளிய விட்டா கை இறங்கும், அப்பதான் அந்த புஸ். எந்த வால்வு எப்ப திறக்கணும்ங்கறத பழைய காலத்துல பாட்டு இருக்குற அதே டேப்லயே வேற ட்ராக்ல சிக்னலா பதிஞ்சு வச்சிருப்பாங்க, அதனாலதான் பாட்டும் வாயும் ஒண்ணா போகும். பல வால்வுங்க முழுசா திறக்கும், இல்ல முழுசா மூடும், நடுவுல நிறுத்த வழி இல்ல, மனுஷன் மாதிரி மெதுவா திரும்பத் தெரியாது, சடார்னு வெட்டி வெட்டி திரும்பும். பழசாக ஆக எங்கயாவது காத்து லீக் ஆகும், ஒரு கண்ணு மூடி ஒரு கண்ணு பாதி திறந்து நிக்கும், வாய் தொங்கும். முகத்துல இருக்குற ரப்பர் வெடிச்சு சுருங்கும். பெரியவங்க நாம அத "ரிப்பேரு"ன்னு பாத்துட்டு பீட்சா எடுக்கப் போயிடுவோம். மூணு வயசுக் குழந்தைக்கு அந்த பாதிக் கண்ணு தன்னைத்தான் பாக்குது.

ஜப்பான்ல மசாஹிரோ மோரின்னு ஒரு ரோபோ ப்ரொபசர் 1970லயே இத எழுதிட்டார், ஒரு பொம்மை உயிருள்ளது மாதிரி ஆக ஆக நமக்குப் பிடிக்கும், ஆனா கிட்டத்தட்ட உயிர் மாதிரியே வந்து கொஞ்சம் மட்டும் தப்பா இருந்தா உடம்பு கூசும்னு. பெரியவங்களுக்கே அப்படின்னா, அசையுறதெல்லாம் உயிருள்ளதுன்னு நம்புற வயசுல இருக்குற குழந்தைக்கு? ரெண்டுலேந்து நாலு வயசு வரைக்கும் வேஷம் போட்டவங்க, பெரிய பொம்மைங்க இதுக்கெல்லாம் பயப்படுறது ரொம்ப சகஜம், வளர்ச்சில எந்த கோளாறும் இல்ல. "இது உயிரோட இருக்கா இல்லையா"ன்னு அவன் மனசு கேக்குது, நாம பதில் சொல்லாம "ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லி இன்னும் பக்கத்துல கொண்டு போறோம்.

இந்தக் கடைங்க ஆரம்பிச்சதே எங்க ஊர்லதான். அடாரி வீடியோ கேம் கம்பெனி ஆரம்பிச்ச நோலன் புஷ்னெல் 1977ல சான் ஹோசேல முதல் கடைய திறந்தார், அதுதான் பின்னாடி சக்கி சீஸ்ங்கற எலி பொம்மையோட பேர்லயே ஓடுற பீட்சா கடைங்க ஆச்சு. பீட்சா வேக நேரம் ஆகும், அந்த நேரத்துல குடும்பம் கேம் விளையாடட்டும்ங்கறது அவர் கணக்கு. அந்த முதல் கடைல பொம்மைங்க ஸ்டேஜ்ல இல்ல, சுவத்துல உயரத்துல போட்டோ ஃபிரேம் மாதிரி மாட்டி அதுக்குள்ளேந்து தலைய நீட்டி பேசும். குழந்தை உக்காந்த இடத்துலேந்து அண்ணாந்து பாக்கும், நடுவுல நல்ல தூரம் இருக்கும். நான் பேரண்ட்ஸ்கிட்ட இத அடிக்கடி சொல்றேன், அந்த தூரம்தான் குழந்தைக்கு தைரியம் குடுக்குது. 1980ல கன்சாஸ் சிட்டில ஷோபிஸ் பீட்சா பிளேஸ்னு போட்டி கடை வந்தது, அவங்ககிட்ட ஒரு முழு பாண்டே ஸ்டேஜ்ல நின்னுது, கீபோர்டு வாசிக்கிற கொரில்லா, டிரம்ஸ் வாசிக்கிற நாய்னு, உண்மையிலயே அற்புதமான வேலைப்பாடு. 1984ல புஷ்னெல் ஆரம்பிச்ச பீட்சா கம்பெனி திவாலாகி ரெண்டு கடையும் ஒண்ணாச்சு, அப்புறம் 90கள் ஆரம்பத்துல அந்த கொரில்லாவோட தோல உரிச்சுட்டு அதே எலும்புக்கூட்டு மேல வேற முகத்த மாட்டினாங்க. பிடிச்ச பொம்மை திடீர்னு வேற ஆளா நின்னத அப்பப் பாத்த பசங்களுக்கு யார் என்ன விளக்கம் சொல்லியிருப்பாங்கன்னு நான் நினைச்சுப் பாப்பேன்.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வரேன். முதல்ல அந்த வீடியோவ போன்லேந்து எடுக்கச் சொன்னேன், யாரும் அவன் முன்னாடி போட்டுக் காட்டக் கூடாதுன்னேன். ரெண்டாவது, பாட்டி வீடியோ கால்ல "சாப்பிடலன்னா அந்த எலி வந்து தூக்கிட்டுப் போயிடும்"னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அத உடனே நிறுத்தச் சொன்னேன். நம்ம வீட்ல பூச்சாண்டி, மூணு கண்ணன்னு காலங்காலமா சோறு ஊட்டியிருக்கோம், தெரியும், ஆனா பூச்சாண்டிய குழந்தை பாத்தது கிடையாது, இந்த எலிய கண்ணால பாத்திருக்கு, ஆறடி உயரத்துல.

அப்புறம் ரெண்டு சிரிஞ்சு, ஒரு மீன் தொட்டி டியூப். ஊசி இல்லாத சிரிஞ்சுதான், மருந்து ஊத்துறது. ஸ்கூல் எக்ஸிபிஷன்ல பசங்க சிரிஞ்சு வச்சு ஜேசிபி செஞ்சு கொண்டு வருவாங்கல்ல, அந்த அப்பாவே அஞ்சாவதுல செஞ்சிருக்காராம், சொன்னதும் அவர் முகம் மாறிடுச்சு, அவர்தான் தரைல உக்காந்து ஷூ பாக்ஸ்ல வாய் வெட்டி மேல் தாடைல ஒரு சிரிஞ்ச ஒட்டினார். இன்னொரு சிரிஞ்சு பையன் கையில. அவன் அமுக்கினா பாக்ஸ் வாய் திறக்கும், இழுத்தா மூடும். முதல் நாள் தூர நின்னு காலால தள்ளினான். மூணாவது வாரம் வாய்க்குள்ள ஒரு கிரேப்ஸ வச்சு மூடி மூடித் திறந்தான். அப்பதான் டியூப கழட்டி அவன் கன்னத்துல காத்த விட்டேன், புஸ். கொஞ்ச நேரம் டியூபையே பாத்துட்டு "ஆண்ட்டி, பஸ்லயும் டியூப் இருக்கா"ன்னு கேட்டான். இருக்கு கண்ணான்னேன்.

எல்லா குழந்தைக்கும் இவ்ளோ வேண்டியதில்ல. பெரும்பாலும் தூரமா ஒரு டேபிள் எடுத்து, வாசலப் பாத்து உக்கார வச்சு, "பயமா இருக்கா, சரி, நாம இங்கேந்தே பாக்கலாம், எப்ப வேணாலும் வெளிய போலாம்"னு சொன்னாலே போதும், பாதிப் பேர் அரை மணில தானா எட்டிப் பாப்பாங்க. எட்டிப் பாக்கலன்னாலும் குடி முழுகிப் போயிடாது. பயம் ஆறு மாசத்துக்கு மேல நிக்குது, தூக்கம் சாப்பாடு ஸ்கூல் எல்லாம் கெடுது, இல்ல பொம்மை இல்லாத இடத்துக்கும் பரவுதுன்னா டாக்டர்கிட்ட பேசுங்க. இந்தப் பையனுக்கு பஸ் வரைக்கும் பரவினதாலதான் ரெண்டு மாசத்துலயே நான் ஆரம்பிச்சேன். கொஞ்சம் பெரிய பசங்க, எட்டு ஒம்பது வயசு, திடீர்னு பயந்தா யூட்யூப் ஹிஸ்டரியப் பாருங்க, பீட்சா கடை பொம்மைங்க ராத்திரில எழுந்து துரத்துற மாதிரி ஒரு ஹாரர் கேம் 2014லேந்து ஓடிக்கிட்டு இருக்கு, கேம் விளையாடாத குழந்தைகூட அத வீடியோவா பாத்திருக்கும்.

இப்ப சக்கி சீஸ்ல இந்த பொம்மைங்கள பெரும்பாலும் எடுத்துட்டாங்க, பெரிய ஸ்கிரீனும் டான்ஸ் ஃப்ளோரும் வந்தாச்சு, கலிபோர்னியால நார்த்ரிட்ஜ் மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள்லதான் வச்சிருக்காங்க. அப்ப இந்தக் கட்டுரை எதுக்குன்னு கேக்கலாம். காடு மாதிரி செட் போட்ட ரெஸ்டாரண்ட்ல கொரில்லா ஆடுது, லீவுக்கு ஊருக்குப் போனா பொருட்காட்சில டைனோசர் கழுத்த திருப்புது, எலி வேஷம் போட்ட ஆளு இன்னும் பர்த்டேக்கு நடந்து வர்றாரு. அதே பயம், அதே வீடியோ.

இதுல நேர் எதிர் குழந்தைங்களும் இருக்காங்க, அவங்கள மறந்துடறோம். என்கிட்ட வர்ற ஆட்டிஸம் இருக்குற ஒரு பொண்ணுக்கு அந்த பொம்மை ஷோதான் உலகம், எந்தப் பாட்டுல எந்த பொம்மை எப்ப கண்ண சிமிட்டும்னு வரிசையா சொல்லுவா. ஒரு நாள் போனா ஸ்டேஜ் காலி. அங்கயே தரைல படுத்துட்டா. அந்த மாதிரி குழந்தை இருந்தா முன்னாடியே போன் பண்ணி ஸ்டேஜ் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா புது இடத்தோட போட்டோவ வீட்லயே காட்டிட்டு கூட்டிட்டுப் போங்க. சத்தம் தாங்காத குழந்தைங்களுக்காக சக்கி சீஸோட பல கிளைகள்ல மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் முன்னாடியே திறந்து லைட்டையும் பாட்டையும் குறைச்சு வைப்பாங்க, உங்க ஊர் கிளைல உண்டான்னு அதே போன்ல கேட்டுக்கோங்க.