வறண்ட காப்பகத்தில் கணக்கெடுப்பு: எண்ணிக்கை ஏமாற்றும் இடங்கள்

வறண்ட நிலக் காப்பகத்தில் விலங்குகளைக் கணக்கெடுக்கச் செல்வோர் பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுப்பது நீர்க்குட்டையின் கரையைத்தான். கோடையில் அங்கே ஒரு தானியங்கி கேமராவைப் பொருத்தினால் சில நாட்களிலேயே ஏராளமான படங்கள் சேர்ந்துவிடும். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் மற்ற குட்டைகள் வற்றிவிட, சுற்றுவட்டார விலங்குகள் அனைத்தும் எஞ்சிய ஒரே நீர்நிலையை நாடி வருவதால், குட்டிகள் பிழைக்காமல் மொத்தத் தொகை சரிந்துகொண்டிருக்கும் வேளையிலும் படங்களின் எண்ணிக்கை கூடவே செய்யும். நல்ல மழை பெய்த ஆண்டில் விலங்குகள் பரந்து மேயப் போய்விடுவதால் குட்டைக்கரை வெறிச்சோடும். முன்னதைப் பெருக்கம் என்றும் பின்னதை வீழ்ச்சி என்றும் எழுதிய அறிக்கைகளைப் பணியில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனவே கேமராவுக்கு முன்பே வாங்க வேண்டிய கருவி மழைமானி. அதுவும் ஒன்று போதாது. இத்தகைய நிலங்களில் மழை திட்டுத்திட்டாகவே பெய்யும். ஒரு மூலை நனையும்போது மறு மூலை காய்ந்தே கிடக்கும். கேமராக்களையும் நீர்நிலையிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் பரப்பி வைக்க வேண்டும். ஒரே விலங்கைத் திரும்பத் திரும்ப எண்ணாமலிருக்க, அரை மணி நேரத்துக்குள் பதிவாகும் ஓர் இனத்தின் படங்களை ஒரே வருகையாகக் கொள்வது பரவலான வழக்கம்.

கேமராவின் உணரி, விலங்கின் உடல் மேற்பரப்புக்கும் பின்னணிக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டைக் கொண்டு இயங்குவது. உச்சி வெயிலில் தரையும் உடலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தை அடையும்போது எதிரே நடந்து போகும் விலங்கையும் அது தவறவிடலாம். உடல் வெப்பம் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகும் பல்லி, பாம்பு போன்றவற்றை அது பெரும்பாலும் சரியாகப் பதிவுசெய்வதில்லை. அவற்றுக்கு நடந்து தேடுவதுதான் வழி.

தாவரங்களில் ஏமாற்றம் வேறு விதமானது. ஓராண்டுச் செடிகளின் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் என்பதால், வறட்சியில் வெறுமையாகத் தெரியும் திடலை வைத்து ஓர் இனம் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. மரங்களிலோ நிலைமை நேரெதிர். முதிர்ந்த மரங்கள் பசுமையாக நிற்பதைப் பார்த்து நிறைவடைவோர், அவற்றின் கீழ் நாற்றும் இளமரமும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பதில்லை.

இந்த மெதுவான மாற்றங்களைப் பிடிக்க நெடுங்காலப் பதிவு வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் டூமமாக் குன்றின் தாவரத் திடல்கள் (ஆய்வுக்கென அளந்து குறித்த நிலப்பகுதிகள்) 1906 முதல் கண்காணிக்கப்படுகின்றன. அதே மாநிலத்தில் போர்ட்டல் அருகே 1977இல் தொடங்கிய ஆய்வில், விதை தின்னும் கொறிவிலங்குகளான கங்காரு எலிகள் நுழையாதபடி வேலியிட்ட திடல்களில் புதர்நிலம் புல்வெளியாக மாறத் தொடங்கியது தெளிவாகத் தெரியச் சுமார் 12 ஆண்டுகள் ஆயின. மூன்றாண்டுத் திட்டமாக இருந்திருந்தால் அந்த மாற்றம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இவ்வளவு நீண்ட தொடரில் ஆட்களும் கருவிகளும் மாறுவது இயல்பே. ஒளிப்படம் எடுக்கும் இடத்தில் இரும்பு முளை அடித்து, கேமராவின் உயரத்தையும் திசையையும் பருவத்தையும் கள ஏட்டில் எழுதி வைத்தால் அடுத்து வருபவர் அதே காட்சியை எடுக்கலாம். கேமராவைப் புது மாதிரிக்கு மாற்றுவதானால், ஒரு பருவமாவது பழையதையும் புதியதையும் ஒரே இடத்தில் சேர்த்து இயக்கி, இரண்டின் பதிவுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொண்ட பிறகே பழையதைக் கழற்ற வேண்டும்.