வைட்டல் கெபாசிட்டி: உயிர்ப்பளவு

நோயாளிகள் 'ஊதுற டெஸ்ட்' என்று சொல்லும் ஸ்பைரோமெட்ரி முடிந்து வரும் காகிதத்தில் எஃப்விசி என்று ஒரு வரி இருக்கும். அதிலுள்ள வி, சி இரண்டும்தான் வைட்டல் கெபாசிட்டி. முழுமூச்சு இழுத்து, இனி முடியாது என்கிறவரை ஊதினால் வெளியே வரும் காற்றின் அளவு அது. லிட்டரில் சொல்வார்கள்.

வைட்டல் என்பதைத் தமிழாக்கும்போது 'முக்கியமான' என்று எழுதக் கை போகும். இங்கே அது பொருந்தாது. உயிர் என்று பொருள்படும் 'வீட்டா' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது இது. லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன், நீரில் கவிழ்த்த கலத்துக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்து, 1846-இல் இந்தப் பெயரோடு முடிவுகளை வெளியிட்டார். உயரம் கூடினால் அளவு கூடியது. வயதும் நுரையீரல் நோயும் அதைக் குறைத்தன. ஆயுள் காப்பீடு கேட்டு வருபவர்களைச் சோதிக்கவும் இது உதவும் என்று நம்பினார்.

சரி, தமிழில்? 'உயிர்த்தல்' என்ற சொல்லுக்கு மூச்சுவிடுதல், உயிர்வாழ்தல் என இரண்டு பொருளும் உண்டு. பெருமூச்சுதான் நெட்டுயிர்ப்பு. ஹட்சின்சன் கருவி வைத்து இணைக்கப் பார்த்த மூச்சும் ஆயுளும் நம் மொழியில் ஒரே வேரில் இருக்கின்றன! அதனால் 'உயிர்ப்பளவு' என்பதே என் தேர்வு. 'கொள்ளளவு' வேண்டாம். எவ்வளவு ஊதினாலும் கொஞ்சம் காற்று உள்ளேயே தங்கும். சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றும்போது அந்த எச்சக் காற்று பெருகி, உயிர்ப்பளவு சுருங்கும். நுரையீரல் கொள்வது வேறு, நம்மால் வெளியே விட முடிவது வேறு.

இந்த நோயைக் கண்டறிய, முதல் நொடியில் வந்த காற்று உயிர்ப்பளவில் எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்பது வழக்கம். ஆனால் வயதாக ஆக நுரையீரலின் மீள்தன்மை தளர்வதால், நோயே இல்லாத முதியவருக்கும் இந்தப் பங்கு இறங்கும். ஆகவே எண்பது வயதுக்காரருக்கு அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து நோயாளி என்று முத்திரை குத்துவது சரியில்லை. அவருடைய வயதுக்கான இயல்பான கீழ் எல்லையையும் பார்க்க வேண்டும்.

இந்த நோயில் இறப்பு அபாயத்தைக் கணிக்கவும் ஊதி வந்த எண் மட்டும் போதாது. 2004-இல் வெளியான போட் குறியீடு உடல் நிறைக் குறியீடு, காற்றடைப்பு, மூச்சுத்திணறல், ஆறு நிமிடத்தில் நடந்த தூரம் நான்கையும் சேர்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறது. மதிப்பெண் ஏற ஏற அபாயமும் ஏறும். காற்றடைப்பை மட்டும் பார்ப்பதைவிட இது நன்றாகவே கணித்தது. அப்பாவின் காகிதத்தில் எண் இறங்கியிருப்பதைப் பார்த்து மனம் கலங்கினால், அவர் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.